லஞ்ச் ஷீட்டும் போடிங் அறையும்

பல்கலைக்கழகங்களில் இப்போது எங்கு பார்த்தாலும் ‘பசுமை வளாகம்’ பேச்சுத்தான். பதாகை கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள், பொலித்தீன் இல்லாத வாரம் என்று அறிவிக்கிறார்கள். நல்லது, செய்யட்டும். ஆனால் அந்த வாரத்தில் சோற்றுப் பார்சலோடு வாசலில் மறிக்கப்படுகிற பிள்ளை யார், ஏன் பார்சலோடு வருகிறாள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலே சொல்லிவிடுகிறேன், சோற்றுப் பார்சல் சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்புக் குப்பையைக் கொட்டிவந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் எனும் நுரைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. தடை வந்தும் லஞ்ச் ஷீட் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, அது வேறு கதை. நாங்கள் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் சாப்பிட்டு எறிந்தது கொலன்னாவைப் பக்கத்து ஏழைகளின் வீட்டுக் கூரையில் விழுந்தது. பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது என்று முடிவெடுத்தார்கள். புத்தளம் சனம் தெருவில் இறங்கி வேண்டாம் என்று கத்தியது. கேட்டார்களா? குப்பை விஷயத்தில் நியாயம் பேசுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் தொடங்குவதோ மாணவியின் பையிலிருந்து.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், கொழும்பில் முகாமைத்துவம் படிக்கிறாள். வெள்ளவத்தையில் போடிங், அதாவது ஒரு வீட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு அறையில் நாலு பேர். வீட்டுக்கார அன்ரியின் முதல் சட்டம், அறையில் சமைக்கக் கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்க கேத்தில் மட்டும் பரவாயில்லை. அதனால் காலையில் பஸ் ஏறப் போகிற வழியிலேயே கடையில் ஒரு பார்சல் வாங்குகிறாள். அந்த ஒரு பார்சல்தான் பகலுக்கும் இரவுக்கும். பிரிக்கிற விதத்தைப் பார்த்திருக்கிறேன். கை படாமல் கரண்டியால் நடுவே ஒரு கோடு. தேங்காய்ச் சம்பலும் பருப்பும் கொழும்பு வெக்கைக்கு இரவு வரை தாங்காது, அவை பகல் பங்குக்கு. கிழங்குப் பொரியலும் காய்ந்த பக்கத்துச் சோறும் இரவுக்கு. கறி இல்லாத இரவுச் சோற்றுக்கு ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஊறுகாய்.

இந்தப் பிள்ளையிடம்தான் ‘வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டு வாருங்கள்’ என்று அறிவித்தல் பலகை சொல்கிறது. எந்த வீட்டிலிருந்து? பெட்டி அவளிடம் இருக்கிறது. கடைக்காரரோ விடிவதற்கு முன்பே பார்சல் கட்டிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிவிடுகிறார். கடைசியில் அவள் பார்சலைப் பிரித்துப் பெட்டியில் கொட்டிக்கொண்டு, ஷீட்டைக் கடை வாசல் வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். வளாகம் பசுமையாகிவிட்டது! அதே வாசலால் காருக்கு ஒருத்தராக எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஒரு பல்பு, ஒரு மின்விசிறி, பஸ் பயணம், இவ்வளவுதான் அவளுடைய காபன் சுவடு.

அரசாங்கப் புலமைப்பரிசில் மஹாபொல இருக்கிறதே என்பீர்கள். பல வருடமாக மாதம் 5,000 ரூபாவாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். சந்தோஷம். அதை முழுதாகக் கொடுத்தாலும் வெள்ளவத்தையில் ஒரு கட்டில் கிடைக்காது.

பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் என்ற பேச்சு வந்தாலே, தமிழ் மாணவர்களுக்குக் கூடுதல் புள்ளி கேட்ட 1970கள்தான் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வரும். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய கணக்கையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் முல்லைத்தீவும் மொனராகலையும் அந்த 16க்குள் இருக்கின்றன. ஆக, ஒரு வெட்டுப்புள்ளியைக் கணக்குப் போட்டு இந்தப் பிள்ளைகளைக் கொழும்பு வாசல் வரை கூட்டி வந்தாகிவிட்டது. வாசலுக்கு இந்தப் பக்கம் அவர்கள் எங்கே படுப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. மொனராகலையிலிருந்து வந்து நுகேகொடையில் போடிங்கில் இருக்கிற சிங்களப் பையனும் இதே பார்சலைத்தான் பிரித்துச் சாப்பிடுகிறான். விடுதி கிடைத்தாலும் பகிடிவதைக்குப் பயந்து, கடன் வாங்கியாவது வெளியே அறை எடுக்கிறவர்கள் உண்டு. பகிடிவதைத் தடைச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது, இருந்தும் இதுதான் நிலை.

அப்புறம், பன்மைத்துவம். வளாகத்தில் பொங்கலும் வெசாக்கும் இப்தாரும் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அரசாங்கம் எங்களை எப்படி நடத்துகிறது என்று நாம் நிறையவே எழுதியாகிவிட்டது. இந்த முறை எங்கள் தெருவைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளவத்தை போடிங் விளம்பரங்களை வாசித்திருக்கிறீர்களா? ‘சைவ உணவுப் பழக்கமுள்ள பெண் பிள்ளைகளுக்கு மட்டும்.’ உணவைப் பற்றிய நிபந்தனை போலத்தான் தெரியும். அறையைப் பார்க்கப் போனால்தான் அடுத்த கேள்வி வரும்: ‘பிள்ளை எவடம்?’ யாழ்ப்பாணம் என்றால், யாழ்ப்பாணத்தில் எவடம், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று நீளும். கேட்பது சாதியைத்தான் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிற பிள்ளைக்கும் தெரியும். மலையகம் என்றால் ஒரே கேள்வி: ‘தோட்டமோ?’ அந்த ‘ஓ’வில் இருக்கிற இழுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகளிடம் ‘அறை இப்போதுதான் போய்விட்டது’ என்று சொன்ன வீடுகளை நான் அறிவேன். அந்த வீட்டு விளம்பரம் மறுவாரமும் அப்படியே இருந்தது. யுத்த காலத்தில், தமிழர் என்பதால் கேட்கப்பட்ட பொலிஸ் பதிவு இல்லையென்று லொட்ஜிலிருந்து லொட்ஜாக அலைந்ததை மறக்காத ஆட்கள்தான் இப்படி நடந்துகொள்கிறோம்.

பல்கலைக்கழகத்திடம் எனக்குப் பெரிதாகக் கேட்க ஒன்றுமில்லை. கன்டீனைக் காலை ஆறரைக்குத் திறவுங்கள். பெட்டி கொண்டு வருகிற பிள்ளைக்கு, கடைப் பார்சலைவிடக் குறைந்த விலைக்குச் சோறு போட்டுக் கொடுங்கள். அதற்கு ஆகும் காசு பதாகைச் செலவில் ஒரு பங்குகூட இருக்காது என்பது என் ஊகம். எல்லா அறிவித்தலையும் தமிழிலும் ஒட்டுங்கள். பொலித்தீன் தடை மூன்று மொழியிலும் இருக்கிறது, புலமைப்பரிசில் விண்ணப்ப முடிவுத் திகதி மட்டும் ஏன் இரண்டு மொழியில்?

மற்றது என் நண்பர் பட்டியலில் இருக்கிற வீட்டுக்கார அன்ரிமாருக்கும் அங்கிள்மாருக்கும். விளம்பரத்தில் அந்தச் ‘சைவ உணவு’ வரியை எடுத்துவிடுங்கள். ஒரு ரைஸ் குக்கருக்கு அனுமதி கொடுங்கள். பில் ஏறும் என்பீர்கள், தெரியும். அறைக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, ஓடுகிற யூனிட்டுக்குப் பிள்ளைகளிடமே காசு வாங்குங்கள். நான் சொன்ன அந்த அறையில் கேட்டுப் பார்த்துவிட்டேன். நாலு பேருக்கும் சம்மதம், அன்ரி இன்னும் யோசிக்கிறாராம்.