எண்ணெயில் கேசரி பவுடர் கரையாது

சைகடெலிக் (மயக்கக் கனவு போல நிறங்கள் உருகிச் சுழலும் பாணி) பாட்டு வீடியோவுக்கு, திரையில் நிறக் குமிழ்கள் ஓட, எண்ணெயில் கேசரி பவுடர் கலக்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. கரையாது, மணல் மாதிரி அடியில் தங்கும். அந்தப் பொடி தண்ணீருக்கானது. எண்ணெய்க்கு மெழுகுவத்திச் சாயம்தான். புதுச்சேரிப் பக்கம் மெழுகுவத்தி செய்கிறவர்களுக்கா பஞ்சம்?

அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சித் திரையில் காட்டும் ஓவர்ஹெட் புரொஜெக்டர்மேல் குழிவான கண்ணாடித் தட்டு, அதில் 20 மில்லி நிறத்தண்ணீர், 5 மில்லி சாய எண்ணெய். மேலே சற்றுச் சிறிய இன்னொரு குழித்தட்டு. தாளத்துக்கு ஏற்ப அதை லேசாக அழுத்தி விட்டால் குமிழ்கள் துடிக்கும். 1968-இல் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் ராக் இசை அரங்கில் ஜோஷுவா லைட் ஷோ என்ற ஒளிக்காட்சிக் குழு காட்டியதும் இந்த வித்தைதான்.

கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. மாற்றினால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சார வெளிச்சத்தில் பட்டை ஓட வாய்ப்புண்டு. வெளியே படமெடுக்கப் போனால், ஏசி அறையிலிருந்து ஈரக் கடற்காற்றுக்கு வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும்.