சதவீதத்தை விடுங்கள், சான்றைப் பேசுங்கள்

புவி வெப்பமாதலைப் பற்றிப் பொதுவெளியில் எங்கே விவாதம் நடந்தாலும், சற்று நேரத்தில் அது ஓர் எண்ணில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. "விஞ்ஞானிகளில் 97 சதவீதம் பேர் மனிதன்தான் காரணம் என்கிறார்கள், இதற்கு மேல் என்ன பேச்சு?" என்று ஒரு தரப்பு கேட்கும். "அறிவியல் என்ன தேர்தலா, ஓட்டு எண்ணித் தீர்ப்புச் சொல்ல?" என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கும். புவி சூடாவதற்கு மனிதச் செயல்பாடுகளே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இந்தக் குறிப்பிட்ட வாக்குவாதத்தில் மறுதரப்பு கேட்பதே நியாயமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

அந்த எண் பொய்யல்ல. ஜான் குக்கும் அவருடைய குழுவினரும் 1991 முதல் 2011 வரை வெளியான ஏறத்தாழ 12,000 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்து, 2013-இல் வெளியிட்ட கணக்கு அது. வெப்பமாதலின் காரணம் குறித்து ஏதேனும் ஒரு நிலைப்பாட்டைச் சொன்ன சுருக்கங்களில் 97 சதவீதம் மனிதச் செயல்பாட்டை ஏற்றுக்கொண்டிருந்தன; மூன்றில் இரண்டு பங்குச் சுருக்கங்கள் எந்த நிலைப்பாட்டையும் சொல்லவில்லை. இதில் வியப்படைய எதுவுமில்லை, புவியீர்ப்பு விசை உண்டு என்று ஒவ்வோர் இயற்பியல் கட்டுரையும் முதல் வரியிலேயே சத்தியம் செய்வதில்லை. ஆனால் எதிர்வாதம் செய்பவருக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கே நல்ல பிடியாகிவிடுகிறது. அதன் பிறகு பேச்சு முழுவதும் கட்டுரைகளை எப்படி எண்ணினார்கள் என்பதிலேயே கழிகிறது; காற்றில் என்ன நடக்கிறது என்ற இடத்துக்கு யாரும் வருவதேயில்லை.

வந்திருந்தால் நூற்றாண்டு கடந்த சுவையான கதை ஒன்று கிடைத்திருக்கும். 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரியமில வாயு நிறைந்த உருளையே அதிகம் சூடாகிறது என்றும் மெதுவாகக் குளிர்கிறது என்றும் கண்டார். (அவருடைய கட்டுரையை அறிவியல் மாநாட்டில் வாசித்தவர் அவரல்லர், ஜோசப் ஹென்றி என்ற ஆண் விஞ்ஞானி. அந்தக் காலத்து நடைமுறையைப் பற்றி அதுவே போதிய அளவு சொல்லிவிடுகிறது.) சில ஆண்டுகளுக்குள் ஜான் டின்டால், காற்றில் பெரும்பகுதியாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிர்களைத் தடையின்றி விட்டுவிடுகின்றன, சிறு அளவில் இருக்கும் நீராவியும் கரியமில வாயுவுமே அவற்றை உட்கவர்கின்றன என்று ஆய்வகத்தில் அளந்து காட்டினார். 1896-இல் ஸ்வீடனின் ஸ்வாண்டே அர்ரேனியஸ், காற்றில் உள்ள கரியமில வாயு இரு மடங்கானால் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் உயரும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்று அது மிகை என்று தெரியும். ஆயினும் போன திசை சரியானது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது, ஏனெனில் அது ஓர் ஐயவாதியின் இடம். 1900-இல் அதே ஸ்வீடனைச் சேர்ந்த க்னூட் ஆங்ஸ்ட்ராம், ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து அதன் வழியே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தும் சோதனையை வெளியிட்டார். வாயுவின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோதும், உட்கவரப்பட்ட கதிரின் அளவு மிகச் சொற்பமாகவே மாறியது. இதிலிருந்து எழுந்த வாதம் எளியது, வலுவானது: இருக்கிற கரியமில வாயுவே உட்கவர வேண்டியதையெல்லாம் உட்கவர்ந்துவிட்டது, எஞ்சியதை நீராவி பார்த்துக்கொள்கிறது, ஆகவே மேலும் எவ்வளவு புகையைக் கக்கினாலும் ஒன்றும் ஆகாது. இந்த வாதத்தை அன்றைய அறிவியல் உலகின் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டது. அர்ரேனியஸின் கணக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓரங்கட்டப்பட்டே கிடந்தது. அன்று யாராவது சதவீதம் எடுத்திருந்தால் எண்ணிக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை 97-ஐ முழங்குகிறவர்கள் ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம்.

அந்த ஆட்சேபத்துக்கு விடை 1950-களில் கிடைத்தது. குழாயில் இருக்கும் வாயு எங்கும் ஒரே அழுத்தத்தில் இருப்பது. வளிமண்டலமோ மேலே போகப் போக மெலிந்து, குளிர்ந்து, ஈரம் வற்றிக்கொண்டே போவது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் ஒரே தாவலில் விண்வெளிக்குப் போய்விடுவதில்லை. ஓர் அடுக்கு உட்கவர்ந்து திரும்ப வெளிவிட, அடுத்த அடுக்கு அதை உட்கவர, இப்படியே கை மாறிக் கை மாறி, இனித் தடுக்க ஆளில்லை என்னும் அளவுக்குக் காற்று மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் அது தப்பிச் செல்கிறது. கரியமில வாயு கூடினால் அந்தத் தப்பிக்கும் உயரம் இன்னும் மேலே நகர்கிறது. மேலே காற்று குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்வீசும். சூரியனிடமிருந்து வரும் வரவு அப்படியே இருக்க, வெளியேறும் செலவு குறைந்துவிடுகிறது. இரண்டும் மறுபடி சமமாகும்வரை கீழே உள்ள அனைத்தும் சூடாகியே தீரவேண்டும். தரைக்கு அருகில் உட்கவர்தல் நிறைந்துபோயிருக்கிறதா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. மேலடுக்குகளில் கதிர் செல்லும் விதத்தை, அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த கணினிகளின் துணையோடு கணக்கிட்ட கில்பர்ட் பிளாஸ், 1956-இல் இரு மடங்குக்கு 3.6 டிகிரி என்ற விடையை எட்டினார்.

ஆங்ஸ்ட்ராமை முட்டாள் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அவர் அளந்தார், அளந்ததைச் சொன்னார், அதற்கு விடை தேடியபோது வளிமண்டலத்தைப் பற்றிய அறிவு ஆழமாயிற்று. ஆனால் அதே ஆட்சேபம் 2020-களிலும் புதிதாய்க் கண்டுபிடித்ததைப் போலச் சுற்றிவருகிறது என்பதும், அதை எதிர்கொள்ள வேண்டியவர்கள் மேலே சொன்ன நான்கைந்து வாக்கியங்களைச் சொல்லாமல் மீண்டும் 97-ஐயே நீட்டுகிறார்கள் என்பதும்தான் என் வருத்தம்.

இந்த விளக்கத்தை ஏற்பதா என்று தயங்குபவருக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. வெப்பமாதலுக்கு யார் காரணம் என்பதில் சூரியனும் கரியமில வாயுவும் போட்டியாளர்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே மாதிரியான தடயத்தை விட்டுச் செல்வதில்லை. சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் வளிமண்டலம் அடி முதல் முடி வரை சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் நாம் வாழும் அடிவளி மண்டலம் சூடாக, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராடோஸ்பியர் என்னும் அடுக்கு குளிர வேண்டும், ஏனெனில் அந்த உயரத்தில் கூடுதல் கரியமில வாயு வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடும் வேலையையே அதிகம் செய்கிறது. சியுகுரோ மனாபேவும் ரிச்சர்ட் வெதரால்டும் இதை 1967-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அப்போது அதைச் சரிபார்க்கச் செயற்கைக்கோள் அளவீடுகளே கிடையாது. அவை 1970-களின் இறுதியில் தொடங்கின. கீழே சூடு, மேலே குளிர்ச்சி என்பதையே இன்றுவரை காட்டுகின்றன. ஓசோன் படலம் மெலிந்ததும் அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்கு வகித்தது உண்மை. ஆனால் இன்னும் உயரத்தில் காணப்படும் குளிர்ச்சியில் பெரும்பங்கு கரியமில வாயுவுடையதே. அதே 1970-களின் இறுதி முதல் சூரியனின் ஒளிர்வையும் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறியிறங்குகிறதே தவிர, புவியின் வெப்பநிலையோடு சேர்ந்து மேல்நோக்கிச் செல்லவில்லை.

காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு யாருடையது என்பதற்கும் இப்படியொரு தடயம் உண்டு. சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்தது. எரிமலைகள் கக்கியதாக இருக்கலாமே என்றால், அவை ஆண்டுக்கு வெளியிடுவது மனிதர்கள் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கடல் வெளிவிட்டதாக இருக்கலாமே என்றால், கடலில் கரிமம் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடல்நீரின் அமிலத்தன்மை ஏறுகிறது. மேலும், தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது கார்பன்-13 என்ற கனமான வகையைக் காட்டிலும் கார்பன்-12 என்ற இலேசான வகையையே விரும்பி எடுத்துக்கொள்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் பழங்காலத்து உயிர்களின் எச்சம் என்பதால் அவற்றிலும் கார்பன்-13 குறைவு. காற்றில் கார்பன்-13-இன் விகிதம் தொடர்ந்து சரிந்துவருகிறது. அதோடு காற்றின் ஆக்சிஜனும் சிறிது சிறிதாகக் குறைந்துவருகிறது, எதையோ எரித்தால்தான் அப்படிக் குறையும். இத்தனைக்குப் பிறகும் "இயற்கையாக வந்திருக்கலாம்" என்பவர், எந்த இயற்கை மூலம் இவ்வளவு தடயங்களையும் ஒருசேர விட்டுச்செல்லும் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

ஐயப்படுவதைப் பற்றி எனக்கு வேறொரு மதிப்பீடும் உண்டு: ஐயப்பட்டவர் அடுத்து என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், வெப்பநிலைப் பதிவுகளை நம்பவில்லை. நகரங்களின் சூடும் மோசமான வானிலை நிலையங்களும் கணக்கைக் கெடுத்திருக்கும் என்று கருதிய அவர், எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளைப் பணமும் அடங்கிய நிதியில் தாமே தரவுகளை முதலிலிருந்து திரட்டிக் கணக்கிட்டார். முந்தைய பதிவுகள் சரிதான் என்று 2011-இல் அறிவித்தார். மனிதரே காரணம் என்று 2012-இல் எழுதினார். வளிமண்டல இயற்பியலாளர் ரிச்சர்ட் லிண்ட்சன் 2001-இல், புவி சூடானால் வெப்பமண்டலத்தின் உயர்முகில்கள் சுருங்கி வெப்பத்தை வெளியே விட்டுவிடும் என்ற கருதுகோளை முன்வைத்தார். அடுத்து வந்த ஆய்வுகள் அவர் எதிர்பார்த்த அளவுக்கு அந்த விளைவைக் காணவில்லை, ஆனால் முகில் ஆராய்ச்சி அதனால் கூர்மைப்பட்டது. இவ்விருவரையும் நான் மதிக்கிறேன். எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தை அவர்களோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. அதன் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் பிற்பகுதி முதல் செய்த வெப்பநிலைக் கணிப்புகள் பெரும்பாலும் பலித்திருக்கின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது; அந்த நிறுவனமோ பொதுமக்களிடம் நிச்சயமின்மையைப் பற்றியே பல ஆண்டுகள் பேசிவந்தது. விடை தெரிந்த பிறகும் கேள்வியை உயிரோடு வைத்திருப்பதற்கு ஐயம் என்று பெயரில்லை.

அறிவியலின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்பவர்களும் கை சுத்தமானவர்கள் அல்லர். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற ஆதாரமற்ற வரி புகுந்துவிட்டது; அது தவறென்று 2010-இல் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வரி அடிப்படை இயற்பியலைத் தொடவில்லை. ஆனால் அதை ஆர்வத்தோடு பரப்பியவர்கள் ஒருவரும் பனியாற்றின் தடிப்பை யோசித்துப் பார்க்கவில்லை. இன்றும் ஒவ்வொரு புயலையும் ஒவ்வொரு வெள்ளத்தையும், ஆய்வு எதுவும் வருமுன்பே, முழுவதும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் தொடர்கிறது. வலுவான வழக்கை வைத்துக்கொண்டு பலவீனமான சாட்சியை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது எனக்குப் புரிவதில்லை.

உண்மையில் இன்னும் தீராத கேள்விகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் நாம் சண்டையிட வேண்டும். கரியமில வாயு இரு மடங்கானால் எவ்வளவு சூடு ஏறும் என்பதற்கு 1979-இல் ஜூல் சார்னியின் குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்று சொன்னது, 2021-இல் ஐ.பி.சி.சி. அதை 2.5 முதல் 4 என்று சுருக்க முடிந்ததே தவிர, ஒற்றை எண்ணாக்க முடியவில்லை. முக்கியத் தடை முகில்கள். கடலின் மேல் தாழ்வாகப் படர்ந்திருக்கும் வெண்முகில்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. புவி சூடாகும்போது அவை எந்த அளவுக்கு மெலியும் என்பதே பெரிய வினா. காற்றில் மிதக்கும் கந்தகத் துகள்களும் அப்படித்தான். அவை ஒளியைச் சிதறடித்து நம் வெப்பமாதலின் ஒரு பகுதியை இத்தனை காலம் மறைத்துவைத்திருந்தன. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2020-இல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மக்களின் நுரையீரலுக்கு அது நல்லது, ஆனால் மறைப்பு விலகியதால் வெளிப்பட்ட சூடு எவ்வளவு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.5 டிகிரி கூடுதலாகப் பதிவான 2024-ஆம் ஆண்டில் அதன் பங்கு என்ன என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. கணக்கில் நிச்சயமின்மை இருக்கிறதே, பொறுத்திருந்து பார்ப்போம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: விடை 2.5-ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டோ, 4-ஆக இருக்கவும் ஏறத்தாழ அவ்வளவு உண்டு.

கடைசியாக ஒன்று. இந்த விவாதத்தில் இயற்பியலை மறுப்பவர்களில் பலருக்கு இயற்பியலோடு எந்தப் பகையும் இல்லை என்பது என் ஊகம். அவர்கள் அஞ்சுவது கார்பன் வரியை, தொழில் முடங்குவதை, ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குப் பணக்கார நாடுகள் போடக்கூடிய கடிவாளத்தை. அவை பொருட்படுத்த வேண்டிய அச்சங்கள். யார் எவ்வளவு குறைப்பது, முன்பே கக்கியவர்கள் என்ன ஈடு தருவது, அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பவற்றுக்கு எந்த ஆய்வகமும் விடை தந்துவிடாது. அவை அரசியல் கேள்விகள், அவற்றில் 97 சதவீதம் என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. வரி வேண்டாம் என்பவர் வரி வேண்டாம் என்றே வாதாடலாம், அதற்காக ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்ந்துவருவதை மறுக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.