சிவக்கவில்லை என்றால் புகைச்சாவு இல்லையா?

"மூணாறு தோட்டத் தொழிலாளர் லயத்தில் கரி அடுப்போடு கதவடைத்துத் தூங்கியவர் உடம்பு சிவக்கவே இல்லை, அதனால் அது புகைச்சாவு இல்லை" என்று மேலே ஒருத்தர் அடித்துச் சொல்கிறார். அப்படி இல்லை அண்ணே. கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கும், அது ரத்தத்தில் கலந்துதான் உடம்பு சிவக்கிறது. அந்தச் சிவப்பு, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் அந்த வாயு ஏறினால்தான் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும். இதய நோயாளி குறைந்த அளவிலேயே போய்விடலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் பார்ப்பதும் சிரமம். நகக்கண், உதட்டின் உள்பக்கம், இமையின் உள்பக்கம் எல்லாம் பார்ப்பார்கள். ரத்தசோகை இருந்தால் இன்னும் மங்கும். அப்புறம், சிவப்பு இருந்தாலும் உறுதி கிடையாது. சயனைடிலும் வரும், ஃப்ரீசரில் வைத்த உடம்பிலும் வரும், மூணாறு குளிரே போதும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (அந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபின்) எவ்வளவு என்று அளந்துதான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்த பிறகு இறந்திருந்தால் அதுவும் இறங்கியிருக்கும். சேர்த்தவுடன் எடுத்த ரத்தம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.