ரோபாட்ஸ் கோப்பு பூட்டு அல்ல

"ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பக்கம் தேடலில் வராது, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் அதைத் தொட முடியாது" என்ற கூற்றின் இரண்டு பகுதிகளும் தவறானவை.

1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த அந்தக் கோப்பு முறை, பக்கங்களைத் தானாகப் படித்துத் திரட்டும் நிரல்களிடம் 'இங்கே வர வேண்டாம்' என்று வலைத்தளம் விடுக்கும் ஒரு வேண்டுகோள் மட்டுமே. 2022-இல் அதை ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தரநிலையாக முறைப்படுத்திய ஆவணமே, இது அணுகலுக்கு அனுமதி வழங்கும் ஏற்பாடு அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. மதிக்கும் நிரல்கள் விலகிச் செல்லும். மதிக்காதவற்றை நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை.

தேடலை எடுத்துக்கொண்டால், அந்தக் கோப்பில் 'டிஸ்அலோ' (நுழைய வேண்டாம்) என்று குறித்த முகவரிக்கு வேறொரு தளம் இணைப்புக் கொடுத்திருக்கும்போது, கூகுள் அப்பக்கத்தைப் படிக்காமலேயே முகவரியை மட்டும் முடிவுகளில் காட்டக்கூடும். பக்கத்தைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்குவதற்கு உரியது, அந்தப் பக்கத்திலேயே இடும் 'நோஇண்டெக்ஸ்' குறி. ஆனால் அந்தக் குறியைப் படிக்க நிரல் உள்ளே வந்தாக வேண்டும் என்பதால், 'டிஸ்அலோ', 'நோஇண்டெக்ஸ்' இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குறி கண்ணில் படாமலே போகும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

2023-இல் வந்த 'கூகுள்-எக்ஸ்டெண்டட்' என்ற பெயரை ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால், கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினி மாதிரிகளின் பயிற்சிக்கு அந்தத் தளத்தின் உள்ளடக்கம் பயன்படாது. ஆயினும் தேடல் முடிவுகளின் மேலே தோன்றும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களை அது கட்டுப்படுத்துவதில்லை, ஏனெனில் அவை கூகுள் தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் வழக்கமான 'கூகுள்பாட்' நிரல் திரட்டுவதிலிருந்தே உருவாகின்றன. அச்சுருக்கத்தில் தம் எழுத்து இடம்பெறக் கூடாது என்று விரும்புபவர் பக்கத்தின் வரிகளை எடுத்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லும் 'நோஸ்னிப்பெட்' குறியை இடலாம். அப்போது சாதாரண முடிவில் வரும் விளக்க வரிகளையும் சேர்த்தே இழக்க நேரிடும்.