கனவில் வந்த மெட்டு

(ஞாயிற்றுக்கிழமை காலை. ராகவன், வயது 54, கணக்குப் பிரிவில் வேலை. போனை மைக் மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வருகிறார். அங்கே அவர் மனைவி கோமதி, தமிழாசிரியை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்து பால்கனிக்காரன். ஒட்டுக் கேட்கவில்லை. அவர் குரல் அப்படி.)

ராகவன்: கோமதி, பேனாவைக் கீழே வை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

கோமதி: சிவப்பு மை காய்வதற்குள் சொல்லுங்கள்.

ராகவன்: நான் ஒரு மெட்டுப் போட்டிருக்கிறேன்.

கோமதி: எதில் போட்டீர்கள்?

ராகவன்: கனவில். நேற்று விடியற்காலை. முழுசாக வந்து நின்றது. எழுந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். கேள். (கண்ணை மூடிக்கொண்டு) தா நனா நனா நா... தா நனா நனாஆஆ நா...

கோமதி: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது.

ராகவன்: அதுதான் நல்ல மெட்டுக்கு அடையாளம்.

கோமதி: திருட்டு மெட்டுக்கும் அதுதானே அடையாளம்? உங்கள் போனில்தான் முணுமுணுத்தால் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி இருக்கிறதே. அதில் ஒரு முறை பாடிப் பாருங்கள்.

ராகவன்: இயந்திரத்திடம் போய்க் கேட்பதா? இயந்திரத்துக்கு என்ன தெரியும் சங்கீதம்?

(இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ராகவன்: பீட்டில்ஸ் என்கிற ஆங்கிலப் பாட்டுக் குழுவில் பால் மெக்கார்ட்னி இருந்தாரே, அவருக்கும் இப்படித்தான். தூங்கி எழுந்தால் தலைக்குள் முழு மெட்டு. கட்டில் பக்கத்திலேயே பியானோ. உட்கார்ந்து வாசித்துவிட்டார்.

கோமதி: நம் கட்டில் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டிதான் இருக்கிறது.

ராகவன்: மெட்டு வந்துவிட்டது, வரி வரவில்லை. அதனால் முட்டைப் பொரியல், முட்டைப் பொரியல் என்று ஏதோ ஒரு பொம்மை வரியைப் போட்டுக்கொண்டு பாடித் திரிந்தாராம். பிறகு நல்ல வரி எழுதி 1965-ல் பதிவு செய்தார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் திரும்பப் பாடிய பாட்டு அது. எனக்கும் வரி இன்னும் வரவில்லை. எல்லாம் பொருந்துகிறது பார்.

கோமதி: அது தன்னுடைய மெட்டுதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

ராகவன்: அவருக்கும் அதே பயம்தான். இதை எங்கேயோ கேட்டுவிட்டுத்தான் கனவு கண்டோமோ என்று ஒரு மாதம் போல, பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடிக் காட்டிக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார்.

கோமதி: நீங்கள் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?

ராகவன்: உன்னிடம்.

கோமதி: நானும் கேட்ட மாதிரி இருக்கிறது என்றேன்.

ராகவன்: அதனால்தான் உன் கருத்தை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

(கோமதி ஒரு விடைத்தாளில் பலமாக ஒரு கோடு போடுகிறார். அந்தப் பையனுக்கு இரண்டு மதிப்பெண் போயிருக்கும். கோபம் யார் மேலோ.)

கோமதி: இசையமைக்க ஆசை என்றால், ஜான் கேஜ் என்று ஒருவர் செய்தாரே, அந்த மாதிரி ஒன்று செய்யக் கூடாதா?

ராகவன்: என்ன செய்தார்?

கோமதி: 1952-ல் ஒரு கச்சேரி. பியானோக் கலைஞர் மேடைக்கு வந்து உட்கார்ந்தார். நாலு நிமிஷம் முப்பத்து மூன்று வினாடி ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அதுதான் உருப்படி. அதிலும் மூன்று பாகம்.

ராகவன்: சும்மா உட்காருவதற்கு எதற்கு மூன்று பாகம்?

கோமதி: முதல் பாகத்தில் வெளியே காற்று, அடுத்ததில் கூரையில் மழைத்துளி, கடைசியில் ஜனங்கள் பேசிக்கொண்டே எழுந்து போன சத்தம். கேட்கத் தெரிந்தால் அதெல்லாமும் இசைதான் என்றார் கேஜ். நம் வீட்டிலும் ஒரு முறை அரங்கேற்றலாம். நாலரை நிமிஷம் போதும். எனக்கு இன்னும் பன்னிரண்டு தாள் பாக்கி.

ராகவன்: சரி. ஆரம்பி.

(மௌனம். காற்று. எங்கேயோ ஒரு வண்டி. வீட்டுக்குள் வாஷிங்மெஷின் துணியைச் சுழற்றிச் சுழற்றி, வேகம் குறைந்து, ஒரு உதறு உதறி நிற்கிறது. பிறகு, வேலை முடிந்தது என்று அறிவிப்பதற்காக, அது பாடுகிறது.)

வாஷிங்மெஷின்: தா நனா நனா நா... தா நனா நனா நா...

(இப்போதுதான் உண்மையான மௌனம். கேஜ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.)

ராகவன்: கோமதி...

கோமதி: ம்.

ராகவன்: அது என் மெட்டைப் பாடுகிறது.

கோமதி: மூன்று வருஷமாகப் பாடுகிறது.

ராகவன்: மூன்று வருஷமாகவா? எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

கோமதி: நீங்கள் அதன் பக்கம் போனால்தானே? தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் துணியைப் போட்டுவிடுகிறேன். அது பாடி முடிக்கும்போது நீங்கள் பாதித் தூக்கத்தில் இருப்பீர்கள். நேற்று கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது போலிருக்கிறது.

ராகவன்: நேற்று எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்தச் சட்டை எங்கே?

கோமதி: உள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ராகவன்: பார்த்தாயா? அது என் சீட்டைப் படித்துவிட்டுப் பாடுகிறது! நான் அதைக் காப்பியடிக்கவில்லை. அதுதான் என்னைக் காப்பியடித்திருக்கிறது.

கோமதி: மூன்று வருஷம் முன்கூட்டியே.

(ராகவன் நாற்காலியில் உட்கார்கிறார். ஒரு கலைஞன் உடைவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது கஷ்டம். பக்கத்து பால்கனியில் இருந்து பார்த்தால் அவ்வளவு கஷ்டமில்லை.)

ராகவன்: இனி கோர்ட்டுதான். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஆன கதிதான் எனக்கும்.

கோமதி: அவர் யார்?

ராகவன்: அதே பீட்டில்ஸ் குழுதான். குழு பிரிந்த பிறகு 1970-ல் தனியாக ஒரு பாட்டு வெளியிட்டார். பிரமாதமாக ஓடியது. 1963-ல் பிரபலமான வேறொரு பாட்டின் மெட்டு அது என்று வழக்குப் போட்டார்கள். 1976-ல் தீர்ப்பு. வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனாலும் எடுத்திருக்கிறார், ஆழ்மனம் எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார் நீதிபதி. அந்த நீதிபதியே ஆபரா என்கிற மேற்கத்திய இசை நாடகம் எழுதுகிற ஆள். உங்களுக்குச் சங்கீதம் தெரியாது என்று அவரிடம் சொல்லியும் தப்பிக்க முடியாது.

கோமதி: ஆக, ஒரே குழுவில் இரண்டு பேர். ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தவர் தப்பித்தார். கேட்காதவர் மாட்டிக்கொண்டார்.

ராகவன்: இப்போது அது ரொம்ப முக்கியமா?

கோமதி: போனைக் கொடுங்கள். மெஷினை அணைத்துத் திரும்பப் பாட வைக்கிறேன்.

(உள்ளே போகிறார். மறுபடியும் அதே மெட்டு. இந்தச் சுவர் மெலிசு என்பதால் எனக்கும் இது மூன்று வருஷமாக மனப்பாடம். யாரும் என்னைக் கேட்கவில்லை.)

கோமதி: வந்துவிட்டது. இது மெஷினின் மெட்டே இல்லை. ஷூபர்ட் என்கிற ஆஸ்திரிய இசையமைப்பாளர் போட்டது. 1817.

ராகவன்: (எழுந்து) மெஷினும் திருடியதுதானா? அப்பாடா!

கோமதி: என்ன சந்தோஷம் பாருங்கள்! டிரவுட் என்கிற மீனைப் பற்றிய பாட்டாம். ஷூபார்ட் எழுதிய கவிதைக்கு ஷூபர்ட் மெட்டுப் போட்டிருக்கிறார்.

ராகவன்: அண்ணன் தம்பியா?

கோமதி: இல்லை. இவர் வேறு, அவர் வேறு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். இந்த மாதிரித் தவறுக்குத்தான் நான் அரை மதிப்பெண் குறைக்கிறேன். தெளிந்த ஓடையில் மீன் துள்ளி ஓடுகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை தூண்டிலில் சிக்கவில்லை. பொறுமை போன மீன்பிடிப்பவன் தண்ணீரைக் கலக்கிவிடுகிறான். மீன் மாட்டிக்கொள்கிறது.

ராகவன்: தண்ணீர், சுழல், அழுக்கு. வாஷிங்மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பாட்டு அமையுமா?

கோமதி: யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ. இதைப் போட்டபோது ஷூபர்ட்டுக்கு 20 வயது. 31 வயதில் இறந்தே போய்விட்டார். அதற்குள் அறுநூறு பாட்டுக்கு மேல். 20 வயதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

ராகவன்: டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன்.

கோமதி: அது ஒழுங்காக வந்ததா?

ராகவன்: எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பேன். (பெருமூச்சு) விடு கோமதி. எல்லா மெட்டையும் எல்லோரும் போட்டுவிட்டார்கள். நமக்கென்று ஒன்றும் மிச்சமில்லை.

கோமதி: அந்த ஷூபர்ட்டே இரண்டு வருஷம் கழித்துத் தன்னுடைய இதே மெட்டை எடுத்து, ஐந்து கருவிகளுக்கான ஒரு பெரிய உருப்படியில் வைத்து, மாற்றி மாற்றி வாசிக்க வைத்திருக்கிறார். சொந்த மெட்டையே திரும்ப எடுத்துச் சோறு... சரி, அதை விடுங்கள். நன்னூலில் நூல் எத்தனை வகை?

ராகவன்: என்னை ஏன் வகுப்பில் உட்கார வைக்கிறாய்?

கோமதி: மூன்று. முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூல் என்றால் முன்னோர் சொன்னதை ஒட்டிப் போக வேண்டும், ஆனால் 'பின்னோன் வேண்டும் விகற்பம்' அதில் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவன் தனக்குத் தோன்றிய மாறுதல் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் அதுவும் நூல்தான். முதல்நூல் இல்லை என்பதற்காக யாரும் ஓலையைக் கிழித்துப் போடவில்லை.

ராகவன்: பின்னோன் என்றால் நானா?

கோமதி: ஷூபர்ட்டுக்குப் பின்னால், மெஷினுக்குப் பின்னால், நீங்கள். பின்னோனுக்கும் பின்னோன்.

ராகவன்: என் மெட்டில் விகற்பம் இருக்கிறதா?

கோமதி: போனிடமே கேளுங்கள். இப்போது இயந்திரத்தின் மேல் மரியாதை வந்திருக்குமே.

(ராகவன் தொண்டையைச் செருமி, போனில் பாடுகிறார். தா நனா நனா நா... தா நனா நனாஆஆ நா... போன் சுற்றுகிறது. வாஷிங்மெஷினைவிட அதிக நேரம் சுற்றுகிறது.)

ராகவன்: கோமதி! பொருத்தமான பாட்டு எதுவும் கிடைக்கவில்லை என்கிறது!

கோமதி: ஓ.

ராகவன்: உலகத்தில் இருக்கிற இத்தனை பாட்டிலும் இது இல்லை! இது என்னுடையது! விகற்பம்!

கோமதி: அபசுரமாகவும் இருக்கலாம்.

ராகவன்: என்ன சொல்கிறாய்?

கோமதி: இரண்டாவது வரியில் 'நனாஆஆ' என்று ஒரு இடத்தில் இழுத்துக் கீழே சரிகிறீர்கள். மெஷின் அங்கே நேராகப் போகிறது. அந்தச் சரிவு வேண்டுமென்று செய்ததா, தானாகச் சரிந்ததா?

(ராகவன் யோசிக்கிறார். நேர்மையான மனிதர். கணக்குப் பிரிவில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.)

ராகவன்: தானாகத்தான் சரிந்தது. ஆனால் அந்த இடம் வரும்போது எனக்குத் தூக்கத்திலேயே சந்தோஷமாக இருந்தது.

(கோமதி பதில் சொல்லவில்லை. கூடையில் ஈரத்துணியை அள்ளிக்கொண்டு வருகிறார். ராகவனின் கறுப்புப் பேண்ட், கோமதியின் கருநீலப் புடவை, எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துணுக்குகள். சட்டைப் பையில் இருந்த சீட்டு கரைந்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. இருவரும் உட்கார்ந்து நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார்கள்.)

ராகவன்: என் இசைக்குறிப்பு...

கோமதி: உங்கள் இசைக்குறிப்பு என் புடவை முழுக்க. (கிள்ளிக்கொண்டே, தன்னையறியாமல்) ம் ம்ம்ம் ம்ம்ம் ம்... ம் ம்ம்ம் ம்ம்ஊஊ ம்...

ராகவன்: நில்! இப்போது சரிந்தாய்!

கோமதி: எங்கே?

ராகவன்: அதே இடத்தில்! மெஷின் மாதிரி நேராகப் போகவில்லை, என்னைப் போலச் சரிந்தாய்!

கோமதி: எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

ராகவன்: ஆழ்மனம் எடுத்துக் கொடுத்திருக்கிறது. வேண்டுமானால் அந்த நீதிபதியின் தீர்ப்பை மறுபடியும் சொல்லட்டுமா?

கோமதி: கையை நிறுத்தாமல் பேசுங்கள். இன்னும் நாலு துணி இருக்கிறது. இதோ பாருங்கள், இந்தத் துணுக்கில் மட்டும் எழுத்து அழியாமல் இருக்கிறது.

ராகவன்: (வாங்கிக் கண்ணருகே பிடித்து) 'ரி'! ரிஷபம்! கோமதி, நான் சரிந்து இறங்குகிற இடம் இதுதான். அத்தனை தண்ணீரிலும் இது ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது பார்!

கோமதி: கொடுங்கள். (பார்க்கிறார்) இது என் கையெழுத்து.

ராகவன்: உன் கையெழுத்தா?

கோமதி: நான் எழுதிக் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில்தான் நீங்கள் இசை எழுதியிருக்கிறீர்கள். இது ரிஷபம் இல்லை, 'ரிப்பேர்'.

ராகவன்: என்ன ரிப்பேர்?

கோமதி: குளியலறைக் குழாய். மூன்று மாதமாகச் சொட்டுகிறது.

ராகவன்: (காதைத் தீட்டிக்கொண்டு) கோமதி, அது ஒரே சீராகச் சொட்டவில்லை. மூன்று சொட்டு, ஒரு இடைவெளி, அப்புறம் இரண்டு...

கோமதி: ஸ்பேனர் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது.