அது ஃபீட்பேக் இல்லை, மிரட்டல்

ரிவ்யூ காலில் (விற்பனைக் கணக்குக் கேட்கும் ஆன்லைன் மீட்டிங்) வங்கி மேனேஜர் ஒருவர் ஊழியரைத் திட்டும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். லிங்க் போடவில்லை. திட்டு வாங்கிய பிள்ளையை இன்னும் எத்தனை பேர் பார்க்க வேண்டும்? எனக்கு எரிச்சலே அதன் கீழே "இதெல்லாம் ஃபீட்பேக், வாங்கிக்கத் தெரியணும்" என்று எழுதிய பெரியவர்கள் மேல்தான்.

எந்தப் படிவத்தில் எது விட்டுப்போனது, வாடிக்கையாளரிடம் எதைத் தப்பாகச் சொன்னாய், அடுத்த தடவை எப்படிச் செய்யலாம் என்று தனியாக உட்காரவைத்துப் பேசினால் ஃபீட்பேக். ஐம்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும் ரிவ்யூ காலில் "இன்னைக்கு எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி வித்த? ஜீரோவா? எதுக்குச் சம்பளம் வாங்குற?" என்றால் அது மிரட்டல். அவ்வளவு நேரம் கத்தியவர் ஒரு தடவையாவது "என்னப்பா சிக்கல்?" என்று கேட்டாரா?

நான் ஒரு தனியார் வங்கிக் கிளையில் இருந்தவள். (எந்த வங்கி என்று இன்பாக்ஸில் வராதீர்கள்.) ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல், டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். அந்தப் பணத்தை யூலிப்பில் (பங்குச்சந்தை முதலீடும் சேர்ந்த இன்சூரன்ஸ் பாலிசி) போட வைக்கச் சொன்னார்கள். "வருஷா வருஷம் கட்டணும்மா, அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது" என்று உள்ளதைச் சொன்னேன். டெபாசிட்டே போதும் என்று போய்விட்டார். அப்ரைசலில் எனக்கு வந்தது: "நேர்மையானவர். விற்பனையில் ஆர்வம் போதாது." ஊழியர்களைத் தரம் பிரிக்கும் பெல் கர்வில் கடைசி வரிசை.

பக்கத்து சீட்டில் இன்னொரு பெரியவரிடம் "டெபாசிட் மாதிரிதான் சார்" என்று விற்றவருக்குக் கேக் வெட்டினார்கள். மறு வருஷம் அந்தப் பெரியவர் பிரீமியம் நோட்டீஸோடு வந்து நின்றபோது கவுன்டரில் இருந்தது நான். கேக் வெட்டியவர் டிரான்ஸ்ஃபரில் போயிருந்தார்.

கமெண்டில் இன்னும் சிலர்: "டார்கெட் இல்லன்னா எவன் வேலை செய்வான்?" டார்கெட்டே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு குடும்பத்துக்கு எட்டு சேவை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். வேலை போனது சுமார் 5,300 பேருக்கு, பெரும்பாலும் கிளைகளில் இருந்தவர்கள். தலைமை அதிகாரியாக இருந்த ஜான் ஸ்டம்ப்புக்குத் தனிப்பட்ட அபராதமும் வங்கித் தொழிலில் தடையும் வர 2020 ஆனது. மேலே கத்துகிறவருக்கு எண் கிடைத்துவிடும். மாட்டுவது யார் என்று மட்டும் பாருங்கள்.

"மேனேஜருக்கும் மேல பிரஷர் இருக்கும்ல?" இருக்கும். மறுக்கவில்லை. அதை அவர் மேலே இருப்பவரிடம் கத்தட்டுமே, அங்கே மட்டும் ஏன் "ஷ்யூர் சார்"?

"கஷ்டமா இருந்தா கவர்மென்ட் பேங்குக்குப் போ." அங்கேயும் இன்சூரன்ஸ் விற்கச் சொல்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். இதற்கு மேல் இந்தக் கமெண்டுக்கு மரியாதை கிடையாது.

அந்தக் கமெண்ட்களில் ஒன்று என்னோடு அதே கிளையில் இருந்த அக்கா போட்டது. இன்று பல கிளைகளுக்கு மேலே கிளஸ்டர் ஹெட். "எங்களையும் இப்படித்தான் வளர்த்தாங்க" என்று எழுதியிருக்கிறார். வளர்த்தாங்களா அக்கா? ரிவ்யூ கால் முடிந்து முகம் கழுவிவிட்டு வந்து, உங்களைக் கத்திய அந்த மனிதரைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் முகநூல் என் பதிவையே தூக்கிவிடும்.