தொண்டையில் முள் எதுவும் சிக்கவில்லை

நேற்று முழுக்க ஓடிய அந்த முப்பது விநாடி வீடியோவைப் பற்றித்தான். தென் ஸ்பெயினின் பாட்டு, ஆட்ட மரபான ஃப்ளமென்கோவைப் பாடும் பெரியவர் ஒருவர் கண்ணை மூடி 'ஆய்ய்' என்று இழுக்கிறார், குரல் கிழிகிறது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 'தொண்டையில் முள் சிக்கிடுச்சா?', 'யாராவது தண்ணி குடுங்கப்பா'. நான் மதிக்கிற மூன்று பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். அதுதான் வலித்தது.

அவர் பாடியது செகிரியா. ஃப்ளமென்கோவில் சாவையும் பிரிவையும் பாடுகிற வகை. அதில் குரல் கிழிய வேண்டிய இடத்தில்தான் கிழிந்தது.

1933இல் புவெனஸ் ஐரஸில் ஆற்றிய உரையில் ஸ்பானியக் கவிஞர் லோர்கா ஒரு சம்பவம் சொன்னார். காதிஸ் நகரத்து மதுக்கடை ஒன்றில் நின்யா தெ லோஸ் பெய்னெஸ் என்ற பெரும் பாடகி பிசிறில்லாமல் பாடுகிறார். கூட்டம் அசையவில்லை. சின்ன உருவமுள்ள ஒருவர் தாழ்ந்த குரலில் 'பாரிஸ் வாழ்க' என்று குத்துகிறார். வெறும் திறமையும் நேர்த்தியும் இங்கே எடுபடாது என்று அர்த்தம். பாடகி எழுந்து ஒரு பெரிய டம்ளர் சாராயத்தை மடமடவென்று குடித்து, தொண்டை எரிய எரிய, குரலே இல்லாமல் பாடினார். அப்போதுதான் கூட்டம் கொந்தளித்தது. அதைத்தான் துவெந்தே என்கிறார்கள். சுத்தமான குரலில் வராதது, கிழிந்த குரலில் வந்தது.

'ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா?' என்பீர்கள். ஆமாம், இவ்வளவு கோபம்தான். 'எல்லாம் டூரிஸ்ட் வியாபாரம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். செவில்லில் அப்படியும் நடக்கிறது, சரி. அந்தப் பெரியவர் முன்னால் எந்த டூரிஸ்ட் இருந்தார்?

'ஜிப்சிக் கத்தல்' என்றும் ஒருவர் எழுதினார். 1749 ஜூலையில் ஸ்பெயின் அரசு ஹிதானோ மக்களை, அதாவது அந்நாட்டு ஜிப்சிகளை, குடும்பம் குடும்பமாகப் பிடித்தது. ஆண்களைக் கப்பல் கட்டும் தளங்களில் கட்டாய வேலைக்கும், பெண்களைத் தனியாக வேறு இடங்களுக்கும் அனுப்பியது. கடைசி ஆட்கள் வெளியே வர 1765 ஆனது. கித்தார்கூட இல்லாமல் பாடும் மார்த்தினேத்தே என்ற வகை, அந்த மக்களின் கொல்லன் பட்டறையில் பிறந்தது என்பார்கள். அந்தப் பாட்டில் இனிமையைத் தேடுகிறீர்களா?

'உனக்கு ஸ்பானிஷ் தெரியுமா?' தெரியாது. ஆனால் தென் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் ஒரு சின்ன ஃப்ளமென்கோ சங்கத்துக்குப் போயிருந்தேன். இருபது மரநாற்காலி இருந்தால் அதிகம். பாடியவர் எழுபது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, நடுவில் கைதட்டத் தொடங்கினேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டார். கோபமாக இல்லை. அங்கே கைத்தட்டல் ஒரு வாத்தியம், தாளம் தெரியாதவர் அதைத் தொடக் கூடாது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் பாடி முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெல்ல 'ஓலே' என்றார், நம்ம 'சபாஷ்' மாதிரி. அந்த அம்மா என் கையை அப்போதும் விடவில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.